என்னிடம் இருந்த தீர்ப்பு

ஒரு காலத்தில் நான் தினமும் காலையில், பல் துலக்குவதற்கு முன்பே, என் தோழியின் கட்டுரையை எத்தனை பேர் தரவிறக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அந்த இணையதளத்தில் ஒவ்வொரு கட்டுரைக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன எண் இருக்கும். அது கூடியிருந்தால் அன்று முழுக்க யாரைக் கண்டாலும் எரிச்சல் வரும். அப்படியே நின்றிருந்தால் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிடுவேன். இதற்கு நான் வேறு வேறு பெயர்கள் வைத்துச் சமாளித்தேன். ஆய்வு ஒழுக்கம் என்றேன், தரம் என்றேன். அது வெறும் பொறாமை. அந்தப் பெயரைச் சொல்லியே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒன்றாகச் சட்டம் படித்தவர்கள். நான் யாழ்ப்பாணத்துக்காரி. கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருக்கிறேன். தனியார் கல்வி நிறுவனம் ஒன்றில் சட்ட விரிவுரையாளர். அவள் கொட்டாஞ்சேனை. இந்தியாவிலிருந்து வந்து புறக்கோட்டையில் கடை வைத்த குடும்பம். சட்டத்தரணியாகி, நொத்தாரிசாகி, வீட்டுக்கும் காணிக்கும் உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம், எழுதுவதைத் தொழிலாக வைத்துக்கொண்டாள். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், ஒரு மாடிப்படியின் கீழே, மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டால் நிறைந்துவிடும் இடம்தான் அவளுடைய அலுவலகம். ஆய்வு செய்வது என் வேலை, உறுதி எழுதுவது அவள் வேலை என்று இருபது வருஷம் நிம்மதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

என் ஆய்வு தேசவழமை பற்றியது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம் அது. அதன்படி, கல்யாணமான பெண் தன் பெயரிலுள்ள வீட்டையோ காணியையோ விற்பதானால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஆனால் வடக்கைத் தன் நிரந்தர இருப்பிடமாகக் கொண்டவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சட்டம். முப்பது வருஷமாக வெள்ளவத்தையில் குடியிருக்கும் பெண் அதற்குள் அடங்குவாளா, மாட்டாளா? இந்தக் கேள்வியில்தான் என் எட்டு வருஷம் போனது. கொழும்பு நொத்தாரிசுமார் இதில் தலையைக் கொடுக்க விரும்பாமல், யாழ்ப்பாணத்துப் பெயரைக் கண்டதும் ‘புருஷன்ட கையெழுத்து எங்க?’ என்று கேட்டுவிடுவார்கள். கணவன் எங்கே என்றே தெரியாத பெண்கள் அந்தக் கேள்வியோடு திரும்பிப் போவார்கள்.

இதற்கு விடை சொல்லும் தீர்ப்புகள் பல அச்சில் வந்ததே இல்லை. நீதிமன்றக் கோப்புகளுக்குள்ளேயே கிடக்கும். வழக்கு எண்ணைத் தெரிந்துகொண்டு போய், விண்ணப்பம் கொடுத்து, சான்றுப்படுத்திய பிரதி எடுக்க வேண்டும். அப்படி எடுத்த பிரதியை எங்கள் ஆட்கள் நகையைப் போலப் பூட்டி வைப்பார்கள். புதுக்கடையில் மூத்த சட்டத்தரணி ஒருவர் அச்சேறாத தீர்ப்பை வாதம் முடியும்வரை உள்சட்டைப் பையில் மடித்து வைத்திருந்து, எதிர்த்தரப்பு உட்கார்ந்த பிறகு எடுத்து நீட்டியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அன்றைக்கு முழு நீதிமன்றமும் அவரை வியந்து பார்த்தது. நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

என்னிடம் அப்படியொரு தீர்ப்பு இருந்தது. கொழும்பில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்குத் தேசவழமை பொருந்தாது என்று மாவட்ட நீதிமன்றம் சொன்னதை மேன்முறையீட்டில் மாற்றிய தீர்ப்பு. ஊர் வீட்டை விற்காமல் பூட்டி வைத்திருந்தாள், வருஷா வருஷம் திருவிழாவுக்குப் போய் வந்தாள். ஆகவே திரும்பிப் போகும் எண்ணத்தை அவள் விடவில்லை, கணவனின் சம்மதம் வேண்டும் என்றது அது. அதை யாரும் மேற்கோள் காட்டியிருக்கவில்லை. அதைச் சுற்றி ஒரு கட்டுரை எழுதி, வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். இரண்டு வருஷமாக அது அங்கே மதிப்பீட்டாளர்களிடம் கிடந்தது. ஒருவர் சுருக்கச் சொன்னார், மற்றவர் விரிக்கச் சொன்னார். அது வெளிவந்தாலும் சந்தா கட்டியவர்கள்தான் வாசிக்கலாம். எங்கள் நிறுவன நூலகத்துக்கே அந்தச் சந்தா கிடையாது.

இப்படியிருக்கையில் ஒரு நாள் புதுக்கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தேத்தண்ணிக் கடையில், தோழி தன் கைபேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். தேசவழமையும் கொழும்புப் பெண்களும் பற்றி ஒரு கட்டுரை. மேலே அவள் பெயர் மட்டும்.

“ப்ரீபிரிண்ட்டாப் போட்டுட்டேன். காசு கட்டாம யாரும் படிக்கலாம். ஜர்னலுக்கு அப்புறம் அனுப்புவோம்” என்றாள்.

“ஒருத்தரும் சரிபார்க்காமலோ?”

“படிக்கிறவங்க பார்க்கட்டும். பிழை இருந்தா எழுதுவாங்க, திருத்தி மறுபடி போடலாம். அதுக்குத்தானே கீழ கமெண்ட் எடம் இருக்கு.”

“ஆரும் களவெடுத்துப் போடுவினம்.”

“எடுக்கட்டும். எத்தன நாளைக்குப் பெட்டிக்குள்ள வச்சிருக்கிறது? புருஷன் இல்லாம வந்து என் மேசைக்கு முன்னாடி அழுறவங்க, ஜர்னல் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க முடியுமா?”

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். தேசவழமை அவளைத் தொடவே தொடாது. அவள் அம்மாவோ அவளோ எந்த உறுதிக்கும் எவன் கையெழுத்தையும் கேட்க வேண்டியதில்லை. அவள் எப்படி என் விஷயத்தில் கை வைக்கலாம் என்றுதான் பஸ் ஏறும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வரி விடாமல் வாசித்தேன். நன்றாக இருந்தது. என்னைவிட எளிமையாக எழுதியிருந்தாள். தான் தேடியெடுத்த கீழ் நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாவற்றையும், ஆட்களின் பெயர்களை மறைத்து, படமாகவே இணைத்திருந்தாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எட்டு வருஷம் நான் அலைந்து சேர்த்ததில் பாதி அங்கே வெளியே கிடந்தது.  

பிறகு அவளுடைய முக்கியமான வாதத்துக்கு வந்தேன். அது அந்த மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பின் மேல் நின்றது. கொழும்புப் பெண்ணுக்குத் தேசவழமை பொருந்தாது என்ற அதே தீர்ப்பு. அது மேன்முறையீட்டில் மாற்றப்பட்டது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருக்கவும் வழியில்லை. மாற்றிய தீர்ப்பு என் அலுமாரியில் இருந்தது.

எழுந்து போய் இன்னொரு தேத்தண்ணி போட்டேன். சீனி கொஞ்சம் கூடவே போட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்து அவளே தொலைபேசியில் கேட்டாள். “படிச்சியா? பிழை ஏதும் இருக்கா? உனக்குத் தெரியாதது என்ன இருக்கு இதுல.”

“வாசிச்சனான். நல்லா இருக்கு” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். வாழ்த்துகள்.”

என் பக்கத்து நியாயம் எனக்கு இருந்தது. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் என் கட்டுரையில் புதிதாக எதுவும் இல்லை. அவளிடம் சொன்னால் மறுநாளே ஏற்றிவிடுவாள். இரண்டு வருஷம் காத்திருந்த என் கட்டுரை வெறும் பழங்கதையாகிவிடும். என்னுடையது முதலில் வரட்டும், அதில் அவளுடைய பிழையை அடிக்குறிப்பில் மரியாதையாகச் சுட்டிக்காட்டலாம் என்று இருந்தேன். அந்த அடிக்குறிப்பை மனதுக்குள் எழுதியும் வைத்திருந்தேன். அதில் ‘துரதிர்ஷ்டவசமாக’ என்ற சொல் வரும்.

ஆனால் அந்தச் சின்ன எண் கூடிக்கொண்டே போனது. கனடாவிலிருந்து ஒரு பேராசிரியர் அவளுக்கு எழுதினார். ஒரு மாநாட்டில் இணையவழியாகப் பேசக் கேட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தபடியே பேசினாள், பின்னால் ஓட்டோ சத்தம் கேட்டது, ஒருவரும் குறை சொல்லவில்லை. என் வகுப்பில் ஒரு மாணவி தான் எழுதிக் கொடுத்த ஒப்படையில் அவளை மேற்கோள் காட்டி, ‘இத்துறையில் மிக முக்கியமான அண்மைக்கால ஆய்வு’ என்று எழுதியிருந்தாள். மதிப்பாய்வு செய்யப்படாத மூலம் என்று ஓரத்தில் எழுதி இரண்டு புள்ளி குறைத்தேன். அந்தப் பிள்ளைக்கு அதன் உண்மையான காரணம் இன்றுவரை தெரியாமல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

பல மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை காலை, இரண்டாம் மாடியில் இருக்கும் ஆசிரியை என் கதவைத் தட்டினார். அவருடைய கணவர் லண்டனுக்குப் போய்ப் பல வருஷம். முதலில் காசு நின்றது, பிறகு தொலைபேசியும் நின்றது. ஆசிரியை இந்த இரண்டாம் மாடி வீட்டை விற்றுவிட்டு, தங்கைக்குப் பக்கத்தில் இரத்மலானைக்குப் போக இருந்தார். கையில் கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்து, மூலையில் கிளிப் அடித்த தாள்கள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தோழியின் கட்டுரை.

“அக்கா, நீங்கள் சட்டம் படிப்பிக்கிற ஆள். இதைக் கொஞ்சம் பாருங்கோ. இதின்படி அவரின்ர கையெழுத்து எனக்குத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை உறுதி எழுதலாமெண்டு ஒரு லோயர் சொல்லியிருக்கிறார்.”

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது இரக்கமல்ல. எனக்கு இரண்டு மாடி கீழே இருக்கும் பெண், நான் எட்டு வருஷமாக எழுதும் விஷயத்துக்குக் கொட்டாஞ்சேனைக்காரியின் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வருகிறாளே என்றுதான் தோன்றியது. பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, வகுப்புக்குத் தயார் செய்வதுபோல வாசித்திருந்தார்.

“ஊரில வீடு இருக்கோ?” என்று கேட்டேன்.

“ஓம், அம்மான்ர வீடு. பூட்டிக் கிடக்கு. திருவிழாவுக்குப் போனாத் திறக்கிறது.”

அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. “வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதேங்கோ” என்றேன். மேன்முறையீட்டுத் தீர்ப்பைப் பற்றிச் சொன்னேன். கணவன் விட்டுப் போயிருந்தால், அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்டு வாங்கலாம், கொஞ்சம் நாள் எடுக்கும், ஆனால் பிறகு ஒருவரும் வந்து உறுதியைக் கேள்வி கேட்க முடியாது என்றும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.

வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். “இதை எழுதினவவுக்கு நீங்கள் சொல்லிப்போட்டீங்களோ? ஏனெண்டால் என்னைப்போல எத்தினை பேர் இதை வாசிச்சிருப்பினம்.”

“ஓம், சொல்லிப்போட்டன்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது. கதவைச் சாத்திவிட்டு, ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். தோழியிடம் அப்போதும் சொல்லவில்லை.

ஆசிரியை ஆசிரியைதான். திங்கட்கிழமை காலை நான் வழக்கம்போல எண்ணைப் பார்க்கப் போனபோது, அதன் கீழே ஒரு கருத்து இருந்தது. எழுதியது அவர். கட்டுரை தனக்கு மிகவும் உதவியதாகத் தொடங்கியிருந்தார். ஆனால் அதில் வரும் முக்கியத் தீர்ப்பு மேன்முறையீட்டில் மாற்றப்பட்டுவிட்டது என்று வெள்ளவத்தையில் தன் தொடர்மாடியிலுள்ள சட்ட விரிவுரையாளர் விளக்கியதாகவும், அந்தத் தீர்ப்பு அவரிடம் இருப்பதாகவும், கட்டுரையாளருக்கு ஏற்கெனவே அறிவித்துவிட்டதாக அவர் கூறியதாகவும் எழுதியிருந்தார். தன்னைப் போன்ற பெண்கள் நம்பிவிடுமுன் தயவுசெய்து திருத்திவிடுங்கள் என்று முடித்திருந்தார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தேசவழமை படிப்பிக்கும் விரிவுரையாளர் எத்தனை பேர்?

பதினொரு மணிக்குத் தோழி அழைத்தாள்.

“ஒரு டீச்சர் கமெண்ட் போட்டிருக்காங்க. பாத்தியா?”

“பார்த்தனான்.”

“எங்கிட்ட சொல்லிட்டேன்னு சொல்லியிருக்க. எப்ப சொன்ன?”

மேசையிலிருந்த ஒப்படைகளை அடுக்கத் தொடங்கினேன்.  அவள் வேறு கேள்வி கேட்டாள்.

“அந்தத் தீர்ப்ப எப்ப எடுத்த?”

“நாலு வருஷமாகுது.”

“அப்ப நான் படிச்சியான்னு கேட்டப்பவே உங்கிட்ட இருந்திருக்கு.”

“ஓம். என்ர கட்டுரையில அது ஒண்டுதான் இருக்கு. அதைக் குடுத்தா எனக்கு ஒண்டுமில்லை.”

“சொல்லியிருக்கலாமே. என்னோடத எடுத்துட்டு, நீ போட்ட பொறகு திருத்திப் போட்டிருப்பேன். எனக்கு என்ன அவசரம்?” குரல் உயரவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். பிறகு சொன்னாள்: “இத நம்பி நான் ரெண்டு உறுதி எழுதிட்டேன். ரெண்டு பேருக்குமே புருஷன் கையெழுத்து இல்ல. ரெண்டு பேருக்கும் ஊர்ல வீடு இருக்கு.”

நான் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவள் பிழைவிட்டால் ஒரு அடிக்குறிப்பில் அவமானப்படுவாள் என்று மட்டுமே கணக்குப் போட்டிருந்தேன். அவள் எழுதியதை அவளே நம்புவாள், மேசைக்கு முன்னால் வருகிறவர்களுக்கு அதன்படியே செய்து கொடுப்பாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நான் எழுதியதை நம்பி நான் எதுவும் செய்ததில்லை.

“இப்ப அவங்க வீட்டுக்குப் போகணும். ஒருத்தர் மொகத்துவாரத்துல இருக்காங்க. வைக்கட்டா?” என்று வைத்துவிட்டாள்.

அன்று மதியமே கட்டுரையை மீளப் பெற்றுக்கொண்டாள். அந்தத் தளத்தில் ஒருமுறை ஏற்றியதை அடியோடு அழிக்க முடியாது. பக்கம் இருக்கும், காரணம் எழுத வேண்டும். அவள் எழுதியது நான்கு வரி. இதன் மையத் தீர்ப்பு மேன்முறையீட்டில் மாற்றப்பட்டது தனக்குத் தெரியாமல் போனது. இதை நம்பி யாரும் எதுவும் செய்ய வேண்டாம். அந்த மேன்முறையீட்டுத் தீர்ப்பைத் தேடிக் கண்டவர் வேறொரு ஆய்வாளர், அதை வெளியிடும் உரிமை அவருடையது. அவருடைய கட்டுரை விரைவில் வரும். நான் பொய் சொன்னதைப் பற்றி அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

அந்த நான்கு வரிக்குப் பிறகு அவளுடைய எண் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் ஏறியது. பிழையை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்டவர்களைக் கண்டதில்லை என்று கனடாப் பேராசிரியர் கீழே எழுதினார். என் வகுப்பு மாணவி கைதட்டும் படம் போட்டாள். அப்போதும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். பிழை விட்டதற்கும் அவளுக்கே பாராட்டு. அந்த நான்கு வரியை நான் எழுதியிருக்க மாட்டேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்ததால், அது இன்னும் எரிந்தது.

அந்த ஆய்வாளர் நான்தான் என்று ஊகித்தவர்களின் கடிதங்கள் எனக்கு வரத் தொடங்கின. உங்கள் கட்டுரை எப்போது வரும், அந்தத் தீர்ப்பைப் பார்க்கலாமா, எங்கள் கட்சிக்காரர் ஒருவர் காத்திருக்கிறார். ஆய்விதழுக்கு எழுதிக் கேட்டேன். இன்னும் ஒரு மதிப்பீட்டாளர் பாக்கி என்றார்கள். இரண்டாம் மாடி ஆசிரியை படியில் கண்டு, மனுப் போட்டாகிவிட்டது, அடுத்த தவணை வருகிற மாதம் என்று சொல்லி, என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அவர் அந்தக் கருத்தைப் போட்டதால் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. முகத்துவாரத்துப் பெண்ணின் கணவர் வந்து சம்மதக் கையெழுத்து வைத்துவிட்டதாக வேறொருவர் மூலம் கேள்விப்பட்டேன். மற்றப் பெண்ணைப் பற்றி விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் ஆய்விதழிலிருந்து கட்டுரையைத் திருப்பி எடுத்தேன். அவளுடைய கட்டுரை இருந்த அதே தளத்தில், தீர்ப்பின் பிரதியோடு சேர்த்து, யாரும் வாசிக்கும்படி ஏற்ற உட்கார்ந்தேன். இதில் பெருந்தன்மை எதுவும் இல்லை. அவள் எனக்காக விட்டு வைத்த இடத்தை இன்னும் ஒரு நாள் வெறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அதோடு, அந்த எண் எனக்கும் ஏறுமா என்று பார்க்க வேண்டியும் இருந்தது.

தலைப்பு, சுருக்கம், திறவுச் சொற்கள் எல்லாம் நிரப்பினேன். நன்றி சொல்லும் இடத்தில் தோழியின் பெயரை எழுதினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. இந்த ஆய்வின் நேர்மையைப் பாதிக்கக்கூடிய சொந்த நலன் ஏதேனும் உங்களுக்கு உண்டா? உண்டெனில் கீழே விவரிக்கவும். கீழே ஒரு வெற்றுப் பெட்டி. அதில் ஒரு வரி தட்டினேன். இந்தத் தீர்ப்பு என்னிடம் நான்கு வருஷம் இருந்தது, இது தெரியாமல் இரண்டு பெண்களுக்கு உறுதி எழுதப்பட்டது, அப்போது நான் பேசாமல் இருந்தேன் என்று. வாசித்துப் பார்த்தேன். உண்மையாகத்தான் இருந்தது. பிறகு அதை அழித்துவிட்டு, ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டு ஏற்றினேன்.